நான் பார்க்காத நாலு படம்

என் தம்பி ஆறு படம் எடுத்தான். நான் பார்த்தது இரண்டு. மிச்சம் நாலையும் அவன் செத்த பிறகுதான் பார்த்தேன். கூடப்பிறந்தவன் சினிமா டைரக்டராக இருந்தும், அவன் படம் பக்கத்து ஊரிலேயே ஓடியும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. கேட்டவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவன் தவழ்கிற பருவத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது அவனை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவன் உத்தமபாளையத்தில் காலேஜ் படித்தான், படிப்பு முடியுமுன்னே சினிமா என்று சென்னைக்குப் போனான். பதினோரு வருஷம் யார் யாருக்கோ உதவி டைரக்டராக இருந்து, தலையில் பாதி நரைத்து, முதல் படத்தை எடுக்க ஊருக்கே திரும்பி வந்தான். அதற்குள் நான் அனுமந்தன்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, எனக்கு ஒரு மகளும் பிறந்து, மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டமும் ஆகிவிட்டிருந்தது.

முதல் படம் கிணறு வெட்டுகிற கதை. பெரிய கம்பெனிக்காரர்கள் படம் எடுத்து முடித்த பிறகு மிஞ்சிக் கிடக்கும் துண்டு பிலிம்களைச் சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து, அதில்தான் எடுத்தான். ஒரு துண்டு ஒரு நிமிஷம் ஓடும், இன்னொன்று அரை நிமிஷம்கூட ஓடாது. ஆகவே பத்துத் தடவை ஒத்திகை, ஒரே தடவை எடுப்பு. துண்டு தீர்ந்தால் காட்சியும் தீர்ந்தது. ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அடுத்த இடம் வந்துவிடும். பிற்பாடு படித்தவர்கள் இதை அவனுடைய பாணி என்று எழுதினார்களாம். மனித வாழ்க்கை பாதியில் முறிவதை அப்படிக் காட்டுகிறானாம். அவனிடம் நான் கேட்டபோது, "டப்பா காலியாயிருச்சுக்கா, வேற என்ன செய்ய?" என்று சிரித்தான்.

மற்றபடி அவனுக்கென்று ஒரு வழி இருந்தது. படத்தில் பாட்டு கிடையாது. சத்தம் போட்டு ஆரம்பிக்கச் சொல்லமாட்டான், தோள்துண்டை இறக்கினால் ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். மண் சுமக்கிறவளை மண் சுமக்கவிட்டேதான் எடுப்பான், நடிக்கிறவளிடம் கூடையைக் கொடுத்து எடுக்கமாட்டான். அப்படியும், கேமராவுக்கென்று அவள் சிங்காரித்துக்கொண்டு வந்தால் பிசகு வரும்.

அந்தப் படம் உத்தமபாளையத்தில் ஓடியபோது நானும் எங்கள் வீட்டுக்காரரும் போனோம். படம் விட்டு வெளியே வந்ததும் தம்பி ஓடி வந்து கேட்டான்.

"எப்படிக்கா இருக்கு?"

"ஏலே, அந்தப் பொம்பள கெணத்து மண்ணு சொமக்கிறவதான? சும்மாட்டுக்குப் பக்கத்துலயே முழம் பூவ வெச்சிருக்கா. கூட எறங்குனா பூவு சட்னியாப் போகாது?"

"அய்யய்யோ."

"பூவ முந்தானைல முடிஞ்சுக்கிருவா. சாயங்காலம் குளிச்சிட்டுத்தான் வெப்பா. இதக்கூடக் கேக்காம என்ன படம் எடுத்த?"

எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாடி, பய அழுதுருவான்." அவன் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஆட்களிடம் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. எதை எடுப்பதென்றாலும், "அக்காகிட்டக் கேட்டாச்சா?" என்பார்கள். டெல்லியில் பரிசு கொடுத்த அன்று அவன் போன் போட்டதும் முதலில் எனக்குத்தான். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதை நான் அவனிடம் காட்டிக்கொண்டதில்லை.

இரண்டாவது படம் தாலி அறுத்தவளின் கதை. சென்னையிலிருந்து வந்த நடிகை இரண்டு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். மறுநாள் எடுத்தாக வேண்டும். இவன் பொழுது சாய எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீயே நின்னுருக்கா."

"போடா கிறுக்குப் பயலே."

"மொகம் வேணாம்னா சொல்லு. ஆனா உன் மொகம்தான் எனக்கு வேணும்."

எங்கள் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி சொன்னார். "மாப்ள, நான் உசுரோட இருக்கையிலயே என் பொண்டாட்டி தாலிய அறுக்கப் பாக்குறயே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"நீங்களும் வாங்க மச்சான். கேமராவுக்குப் பின்னாடி நின்னு பாருங்க."

"அப்பச் சரி. என் சாவ நானே பாக்குறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்ல."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நான் சரி என்றுவிட்டேன்.

என் தாலியை ஜாக்கெட்டுக்குள் ஊக்குப் போட்டுச் செருகிக்கொண்டேன். மேலே ஒரு மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஊர்க் கிழவிகள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதை அறுத்தார்கள். "அழாதக்கா. உன் கையையே பாத்துக்கிட்டு இரு, போதும்" என்று சொல்லியிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பத்து ஒத்திகைகூட இல்லை, ஒன்றுதான். தோள்துண்டை இறக்கினான், எடுத்தான், முடிந்தது. 

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாகப் படுத்தவர், தாலி அறுத்தவர் யாரானாலும் அந்தக் காட்சி முடிந்த கையோடு கேமரா முன்னால் நின்று சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் பிலிமில் எடுக்க வேண்டும். படத்தில் அது வராது. நடந்ததெல்லாம் நடிப்பு என்று எமனுக்குக் காட்டுகிற சாட்சி அது. மேக்கப் போட்ட பொம்பளை இதை எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள். நான் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கேமராக்காரரின் உதவியாளைப் பார்த்தான். அந்த ஆள் கோம்பை ஊர்க்காரர், மீசைக்கு மை தடவுகிறவர். அவர் இவனைப் பார்த்தார்.

"எடுத்துரலாம்க்கா" என்றான்.

முகத்தைக் கழுவி, குங்குமம் வைத்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தினான். மெஷின் கரகரவென்று ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் காதோரம், "இந்த மூஞ்சிக்கா இத்தன லைட்டு?" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தம்பியும் சிரித்தான்.

அந்தப் படம் வெளிவந்தது. இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். தியேட்டரில் எங்கள் வீட்டுக்காரர் அழுதுகொண்டே, "நல்லாத்தான் இருக்கு நான் இல்லாம" என்று கேலி பேசினார். அதற்கடுத்த ஆடியில் ஒரு நாள் காலை தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைக் கரிக்கிறது என்று பம்புசெட்டுப் பக்கம் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

தம்பி அன்று மதியத்திலிருந்து என் வீட்டில்தான் இருந்தான். பந்தல் போட்டது முதல் சுடுகாட்டு வேலை வரைக்கும் அவன்தான் ஓடினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் அந்தக் கோம்பைக்காரர் துக்கம் கேட்க வந்தார். வந்தவர் என் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

"அன்னைக்கு ஒரு சாண் பிலிம் மிச்சம் இருந்திருந்தாக்கூட அண்ணன் இப்பிடிப் போயிருக்க மாட்டாகம்மா."

"என்னய்யா சொல்ற?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீகள்ல, அப்ப உள்ள பிலிமே இல்லம்மா. டப்பா காலி. சும்மா ஓட்டுய்யான்னு சாரு சொன்னாக. ஓட்டுனேன்."

அவரைப் போகச் சொன்னேன். யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பி என் கண் முன்னால் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டும், பந்தல்காரனிடம் பேசிக்கொண்டும் நடமாடினான். பதிமூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினாறாம் நாள் கோடி போடுவார்கள். எங்கள் பக்கம் தாலி அறுத்த பொம்பளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டு வந்து தோளில் போர்த்த வேண்டும். புருஷன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது என்பதற்கு அதுதான் ஊரறிந்த அடையாளம். அவன் தாம்பாளத்தில் சேலையை வைத்துக்கொண்டு வந்து நின்றான். அத்தனை சனத்துக்கும் நடுவில் கேட்டேன்.

"அன்னைக்கு நாங்க சிரிச்சப்ப மிசினுக்குள்ள பிலிம் இருந்துச்சா, இல்லயா?"

அவன் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"இல்லக்கா. தீந்துபோச்சு. இல்லன்னு சொன்னா நீ மனசு சங்கடப்படுவேன்னுதான் சும்மா ஓட்டச் சொன்னேன்."

"என்னையும் அந்த மனுசனையும் வெறும் மிசினுக்கு முன்னால நிக்க வெச்சுச் சிரிக்க வெச்சிருக்க."

"நீங்க நெசமாத்தான சிரிச்சீக. நான் பாத்தேன்லக்கா."

"உன் கோடி எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போ."

"ஆத்தா, சபையில அப்பிடிச் சொல்லாதடி" என்று பெரிய மனுசிகள் பதறினார்கள். என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, அவசரத்துக்கு வேறு சேலை வாங்கி வரச் சொல்லி, அதைப் போர்த்திக்கொண்டேன். அதுவரைக்கும் அவன் தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் நின்றான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறிப் போனதாகச் சொன்னார்கள்.

பிலிம் இல்லாததால் மனுசன் சாவானா என்றால் சாகமாட்டான். அவருக்கு நெஞ்சு வலி முன்னமே இரண்டு தடவை வந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும், கோடியை மறுத்த அன்றைக்கும் தெரியும். ஆனால் எமனைத் திட்ட முடியவில்லை, தம்பியைத் திட்ட முடிந்தது. ஒரு தடவை சபையில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க எனக்குத் தெரியவில்லை. திருப்பி எடுக்கலாம் என்று முதல் வருஷத்திலேயே ஒரு நாள் நினைத்தேன். யாராவது வந்து, தம்பியோடு பேசு என்று மூன்றாம் தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு தடவையோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படியே பதினெட்டு வருஷம் போய்விட்டது. அவன் கல்யாணம் முடித்துத் தேனியில் வீடு பார்த்து இருந்தான். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு முறை என் வாசலுக்கு வந்தான். வந்திருப்பது அவன் என்று தெரிந்ததும் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் படங்களைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் சொல்வார்கள். "உங்க தம்பி படத்துல இப்பல்லாம் யாரும் சாகுறதே இல்ல. வாசல விட்டு வெளிய போவாக, திரும்பி வரமாட்டாக, அம்புட்டுத்தான்." நான், "அப்பிடியா" என்பேன்.

போன வருஷம் அவனுக்கு ஈரலில் நோய் வந்துவிட்டது. அவன் பெண்சாதி என்னைத் தேடி வந்தாள். அதற்கு முன் அவளை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"மதினி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கேட்டுக்கிட்டே இருக்காக."

"அவனுக்கு வேணும்னா அவன் வரட்டும்."

"எந்திரிக்க முடியல மதினி."

"தோட்டத்துல கவாத்து நடக்குது. ஆளுக நிக்கிறாக. நாலு நாள்ல முடிஞ்சிரும், பாப்போம்."

தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். கவாத்து என்றால் கொடியை வெட்டிவிடுகிற வேலை. என் மேற்பார்வை இல்லாமலும் நடக்கும். அந்த ஆட்கள் இருபது வருஷமாக வெட்டுகிறவர்கள். மூன்றாம் நாள் காலையில் சேதி வந்தது.

போனேன். தூக்குகிற வரைக்கும் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மெலிந்துபோய், எங்களைப் பெற்ற அய்யாவின் சாடையில் கிடந்தான். "இப்ப வந்து என்ன செய்ய" என்று யாரோ என் காதுபடச் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஒரு மாதம் கழித்து உத்தமபாளையத்தில் அவனுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவன் பாணியைப் பற்றி ஒவ்வொருவரும் பேசினார்கள். பின்னால் எடுத்த படங்களில் அவன் எந்தப் பொம்பளை முகத்தையும் காட்டுவதில்லை, முதுகிலேயே ஒரு முழுக்கதையையும் சொல்லிவிடுகிறான் என்றார்கள். கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டி ஒருவர் கேட்டார், "அம்மா, உங்க தம்பி படத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"எல்லாமே" என்றேன். கை தட்டினார்கள்.

அதற்கு முன் நான் சபையில் பொய் சொன்னவள் இல்லை. அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் தம்பி பெண்சாதியிடம், "மொத ரெண்டுக்குப் பெறகு நான் ஒரு படமும் பாக்கலம்மா" என்றேன். "தெரியும் மதினி. எங்கூட வாங்க" என்றாள்.

தேனியில் அவன் வீட்டில் நாலு நாள் இருந்தேன். ஒரு நாளைக்கு ஒன்றாக டிவியில் போட்டுக் காட்டினாள். முதல் நாள் பார்த்தது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பொம்பளைகளைப் பற்றியது. விடியுமுன்னே மலை ஏறி, கேரளாவுக்குள் வேலை பார்த்து, இருட்டுமுன்னே இறங்குகிறார்கள். ஜீப்பில் ஏறுகிற ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு முந்தானையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இடது பக்கம் செருகுகிறாள். நான் இடது கைக்காரி. எங்கள் பக்கம் வேறு யாரும் அப்படிச் செருகுவதில்லை. இரண்டாம் நாள் தொலைந்துபோன நாயைத் தேடுகிறவன் கதை. அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவளுக்கும் அதே செருகல். மூன்றாம் நாள், பாகப்பிரிவினைக்காகக் கோர்ட்டுக்கு அலைகிற அண்ணன் தம்பி கதை. அவர்களுடைய அக்காளும் திரும்பி நடக்கிறாள். எல்லோருக்கும் என் முதுகு. இரண்டு தடவை வாசலில் நின்று அவன் பார்த்தது அதைத்தானே. படித்தவர்கள் பாணி என்கிறார்கள்.

நாலாம் நாள் கடைசிப் படம். திராட்சைத் தோட்டத்தில் நடக்கிற கதை. இப்போதெல்லாம் பிலிமே கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாள். அதனால் காட்சிகள் முறியாமல் நீளமாக ஓடின. ஒருத்தி பந்தலுக்கு அடியில் நிற்கிறாள், அவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான். குலை அறுக்கிறாள். கையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறான். இரண்டு உள்ளங்கையிலும் குலையை ஏந்தி, விரலால் தடவித் தடவி அறுக்கிறாள்.

என்னையறியாமல் கத்திவிட்டேன். "ஏலே, காம்பப் பிடிக்கச் சொல்லுடா!"

பன்னீர் திராட்சையின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். கை பட்டால் அது போய்விடும். போனால் பழம் பழசுபோலத் தெரியும், வியாபாரி தொடமாட்டான். காம்பைத்தான் பிடிக்க வேண்டும், குலையைத் தொடவே கூடாது. இது கைப்பிள்ளைக்கும் தெரியும். அவன் ஏழு வயசில், அய்யா வேலை பார்த்த தோட்டத்தில், ஒரு குலையை இப்படித்தான் அமுக்கிப் பிடித்தான். பழத்தில் ஐந்து விரல் தடமும் தெரிந்தது. அய்யா அடித்த அடியில் நான்தான் நடுவில் விழுந்து தடுத்தேன்.

"இதுகூடவா தெரியாமப் போச்சு அவனுக்கு? கூட ஒரு தோட்டத்து ஆளுகூடவா இல்ல?" என்றேன்.

தம்பி பெண்சாதி டிவியை நிறுத்தினாள். எழுந்து போய் ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து வந்து வாசித்தாள். அந்தப் பொம்பளை குலையைப் பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்துகிறாள், தமிழில் இப்படி ஒரு தாய்மையைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தது.

"தாய்மையாம். அய்யா இருந்திருந்தா எழுதுனவனையும் சேத்து வெளுத்திருப்பாக" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவுகளுக்குத் தெரியும் மதினி. எடுக்கும்போது தோட்டத்து ஆளுகளே சொன்னாக, சார், குலையத் தொடக் கூடாதுன்னு. தெரியும்ய்யா, இது எங்க அக்காவுக்கு எடுக்குறது, நீங்க சும்மா இருங்கன்னுட்டாக. எங்கிட்ட வந்து சொல்றாக, மத்தது எதுக்கும் அவ வரமாட்டா, இதப் பாத்துட்டு அவளால வீட்டுல உக்கார முடியாது, செருப்பத் தூக்கிட்டு வருவா பாருன்னு."

டிவியில் நின்றுபோயிருந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

"படம் கம்பத்துல பத்து நாள் ஓடுச்சு. தெனமும் காலைல வாசக்கதவத் தெறந்து வெச்சிட்டு அதுக்கு நேரா உக்காந்திருப்பாக. பஸ் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாக. பத்தாம் நாள் தியேட்டர்ல படத்தத் தூக்கிட்டாக. அன்னைக்கு எந்திரிச்சு அவுகளே கதவச் சாத்துனாக."

அந்தப் பத்து நாளில் நான் மூன்று தடவை கம்பத்துக்குப் போயிருக்கிறேன், தோட்டத்துக்கு உரம் வாங்க. அந்தத் தியேட்டர் வாசலில்தான் பஸ் நிற்கும். இறங்கி, போஸ்டர் பக்கம் திரும்பாமல் நேரே நடந்து, உரத்தை வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் பஸ் ஏறி வந்தேன்.